‘குதிரைப் பிரியர் பரிசுப் பெட்டி’ குறித்த புகார்: பணத்தைத் திருப்பித் தாருங்கள், அந்தத் தலைக்கவசத்தின் விற்பனையை நிறுத்துங்கள்

அனுப்புநர்:
வேளச்சேரி வாடிக்கையாளர்,
சென்னை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
இணையவழிப் பரிசுப்பொருள் விற்பனை நிறுவனம்.

பொருள்: 4,850 ரூபாய்க்கு வாங்கிய விடுமுறைப் பரிசுப் பெட்டியில் ஆபத்தான, பொய்யான விவரத்துடன் விற்கப்பட்ட பொருட்கள்.

ஐயா / அம்மா,

வணக்கம். டிசம்பர் 12-ஆம் தேதி உங்கள் தளத்தில் ‘குதிரைப் பிரியர் பரிசுப் பெட்டி’யை ஆர்டர் செய்தேன். அரையாண்டு விடுமுறையில் என் மகளுக்குக் கொடுப்பதற்காக வாங்கியது. 22-ஆம் தேதி வந்து சேர்ந்தது. அதன்பிறகு உங்களுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: பண்டிகைக் காலப் பொருட்களைத் திரும்பப் பெறுவதில்லை, அடுத்த முறை வாங்கும்போது பயன்படுத்திக்கொள்ள 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம். எனக்குக் கூப்பன் வேண்டாம். என்ன நடந்தது என்பதை உங்கள் நிறுவனத்தில் யாராவது ஒருவர் முழுதாகப் படிக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸ் லாயத்தில் குதிரைக்காரராக இருந்தவர். விடியற்காலை மூன்றரை மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வைக்கோல் வாசனையும் தோல் எண்ணெய் வாசனையும் அவர் சட்டையை விட்டுப் போனதே இல்லை. என் மகள் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் ஆறு வயதில் மெரினாவில் ஒரு குதிரை மேல் ஏற்றி உட்கார வைத்தோம், இறங்க மாட்டேன் என்று அழுதாள். இப்போது பதினொரு வயது. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் குதிரையேற்ற வகுப்புக்குப் போகிறாள். அந்தக் கட்டணம் கட்டுவதே எங்கள் வீட்டுக்குப் பெரிய விஷயம். அதனால் இந்த 4,850 ரூபாயை யோசித்துத்தான் செலவு செய்தேன்.

பெட்டியில் வந்தவற்றில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தலைக்கவசம். ‘ஆரம்பநிலை குதிரையேற்றப் பயிற்சிக்கு ஏற்றது’ என்று உங்கள் பக்கத்தில் இன்றுவரை போட்டிருக்கிறீர்கள். கறுப்பு வெல்வெட், முன்னால் சின்ன விளிம்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றாள். அந்த வார ஞாயிறு வகுப்புக்கும் போட்டுக்கொண்டு போனாள்.

அவளைக் குதிரையில் ஏற்றுவதற்கு முன்னால் பயிற்சி மாஸ்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பிளாஸ்டிக் வாளி மூடி மாதிரி உள்ளே போய், ‘டக்’கென்று திரும்ப வெளியே வந்தது. உள்பக்கத் துணியை விரலால் நெம்பினார். அடியில் இருந்தது, டிவி பெட்டிக்குள் சுற்றி வருமே, அந்த மெல்லிய வெள்ளை நுரைத் தாள். பசை கூடச் சரியாக ஒட்டவில்லை. தாடைப் பட்டையை மாட்டி ஒரு இழு இழுத்தார், கொக்கி திறந்துகொண்டது. துணிக்குப் பின்னால் நகம் அளவு ஒரு சீட்டு இருந்தது. அதில் ‘அலங்கார உபயோகத்துக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு மாஸ்டர் என்னிடம், “இதைப் போட்டுக்கிட்டு ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல விரும்பலைம்மா” என்றார். வகுப்பில் இருந்த வேறொரு தலைக்கவசத்தைக் கொடுத்து அவளை ஏற்றிவிட்டார்.

அவள் ஓட்டும் குதிரையின் பெயர் ராணி. 15 கை உயரம். ஒரு கை என்றால் 4 அங்குலம், ஆக முதுகு மட்டுமே 5 அடி. அதற்கு மேல் நிமிர்ந்து உட்காரும் பிள்ளையின் தலை தரையிலிருந்து 7 அடிக்கு மேலே இருக்கும். குதிரை நின்றுகொண்டிருக்கும்போது விழுந்தாலே அந்த உயரம். ஓடும்போது விழுந்தால் அந்த வேகமும் சேரும். குதிரையேற்றத்துக்கென்றே செய்யும் தலைக்கவசத்தின் உள்ளே கெட்டியான நுரை இருக்கும். அடி படும்போது அது நசுங்கி, மண்டைக்குப் போகும் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரு தடவை பலமாக அடி வாங்கியதை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மறுபடி போட மாட்டார்கள். அவற்றின் உள்ளே ‘ஏஎஸ்டிஎம் எஃப்1163’ என்றோ ‘பாஸ் 015’ என்றோ தர எண் தைத்திருக்கும். உங்கள் பொருளில் ஒரு எண்ணும் இல்லை.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், “அது ஐஎஸ்ஐ தரம்தான் மேடம்” என்றார். ஐஎஸ்ஐ முத்திரையோடு கடைகளில் விற்கும் தலைக்கவசம் ஐஎஸ் 4151 தரத்தின்படி இரு சக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்காகச் செய்தது. அது வேறு, இது வேறு. அதுவும் போகட்டும், நீங்கள் அனுப்பியதில் அந்த முத்திரை கூட இல்லை. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் படித்தார். எழுதிக் கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது பிஸ்கட். ‘உங்கள் குதிரைக்கும் ஒரு விடுமுறை விருந்து’ என்று அச்சடித்த பாக்கெட். வகுப்பு முடிந்ததும் என் மகள் அதைப் பிரித்து, தாத்தாவின் முறை என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே, உள்ளங்கையை விரித்து, கட்டை விரலை ஒட்டி மடக்கி நீட்டினாள். தன் வாய்க்கு நேர் முன்னால் இருப்பது குதிரைக்குக் கண்ணில் படாது. மீசை முடியாலும் உதட்டாலும் தடவித்தான் எடுக்கும், விரல் நீண்டிருந்தால் விரலையும் சேர்த்துக் கடித்துவிடும். ராணி கழுத்தை நீட்டிவிட்டது. அப்போதுதான் லாயத்து அண்ணன், “பாப்பா, இரு இரு, அதை இப்படிக் கொடு” என்று வாங்கி மோந்து பார்த்தார். சாக்லேட் வாசனை. பாக்கெட்டின் மடிப்புக்குள் பொடி எழுத்தில் சேர்மானங்கள் இருந்தன: கோதுமை மாவு, சர்க்கரை, கோகோ தூள்.

கோகோவில் தியோபுரோமின் என்ற பொருள் இருக்கிறது. பந்தயக் குதிரையின் சிறுநீர்ப் பரிசோதனையில் அது தெரிந்தால் ஊக்கமருந்துக் கணக்கில் சேர்ந்துவிடும். அப்பா காலத்திலேயே லாயத்துக்குள் டீ கிளாஸைக் கூடத் தீவனத் தொட்டி பக்கம் வைக்க விடமாட்டார்கள். பந்தயக் குதிரைக்கு மட்டும்தானே என்று நீங்கள் நினைக்கலாம். குதிரைக்கு வாந்தி வராது என்பது உங்களுக்குத் தெரியுமா? இரைப்பையின் வாசல் அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். ஒவ்வாதது எது உள்ளே போனாலும் அது குடல் வழியாகத்தான் போயாக வேண்டும். எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு ராத்திரி அப்பா வீட்டுக்கு வரவே இல்லை. வயிற்று வலி வந்த ஒரு குதிரையைப் படுத்துப் புரள விடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை நடத்திக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் வந்தபோது வலது தோள் முழுக்க அதன் எச்சில் காய்ந்து வெள்ளையாக இருந்தது. அந்த வலியில் அது தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டே நடந்ததாம். சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். குதிரை பிழைத்தது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் அம்மா போட்ட சோற்றைத் தொட்டார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கோகோ போட்ட பிஸ்கட்டை விருந்து என்று விற்பது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

பிரஷ், குளம்பு சுத்தம் செய்யும் கொக்கி பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பிரஷ் முதல் தேய்ப்பிலேயே மயிர் உதிர்த்தது. கொக்கி ஒரு சின்னக் கல்லை எடுக்கும்போதே வளைந்துவிட்டது.

ஆனால் மண்குதிரை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ‘புதுக்கோட்டை வட்டாரத்து வேளார்கள் கையால் வனைந்து சுட்ட அய்யனார் குதிரை’ என்று உங்கள் பக்கத்தில் இருந்தது. வேளார் என்றால் மண் வனையும் குயவர். உண்மையில் அந்தப் பெட்டியை நான் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். வந்தது காது உடைந்து வந்தது. உடைந்த இடத்தில் மாவு மாதிரி வெள்ளையாக இருந்தது. அச்சில் ஊற்றிய பிளாஸ்டர், மேலே செம்மண் நிறப் பெயின்ட். சுட்ட மண் உடைந்தால் உள்ளேயும் சிவப்பாகவோ கருகலாகவோ இருக்கும், கலந்த உமி எரிந்த ஓட்டை தெரியும். அய்யனார் குதிரையின் காலும் உடலும் உள்ளே கூடாக இருக்கும், தட்டினால் குடம் மாதிரி ஓசை வரும். இதைத் தட்டினால் சுவரைத் தட்டியது போல இருக்கிறது.

ஊரில் புரவி எடுப்பு, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை செய்து காணிக்கை வைக்கும் திருவிழா என்றால், முதலில் வேளாரிடம் பிடிமண்ணாக ஒரு கைப்பிடி மண் கொடுப்பார்கள். அந்த மண்ணை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் குதிரை செய்யத் தொடங்குவார். வனைந்து, காயவைத்து, வைக்கோல் மூடிச் சூளை போட்டு, கடைசியில் ஊரே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகும். அப்படி உழைக்கிறவர்களின் பெயரை ஒரு பிளாஸ்டர் பொம்மை மேல் ஒட்டி விற்றிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் ஒரு ரூபாயாவது ஏதாவது ஒரு வேளார் வீட்டுக்குப் போயிருக்குமா?

குதிரையை நேசிக்கிற ஒருவருக்கு என்ன கொடுக்கலாம் என்று நீங்கள் என்னைக் கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். கெட்டியான ரப்பர் சீப்பு ஒன்று, வளையாத கொக்கி ஒன்று. முழங்கால் வரை வரும் நல்ல பருத்திச் சாக்ஸ். ஏறுகிறவர்களுக்கு அது எப்போதும் போதாது. தோல் வேலைக்குக் கான்பூர் இருக்கிறது. அந்த ஊர் சேணத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு, அங்கிருந்து ஒரு எளிய கடிவாளம் வரவழைக்கலாம். குதிரைக்கு என்றால் நீளவாக்கில் நறுக்கிய கேரட் போதும். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். இதெல்லாம் உங்கள் விலைக்குள்ளேயே வரும். பெட்டியைத் தயாரிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு லாயத்துக்குப் போய் ஒரே ஒரு குதிரைக்காரரிடம் கேட்டிருந்தால் போதும்.

அந்த ஞாயிறு வீடு திரும்பும்போது பிள்ளை பேசவே இல்லை. சரி, ஏதாவது செய்யலாம் என்று தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ சிலையைப் பார்க்க அழைத்துப்போனேன். 1839-இல் வைத்த சிலை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவள், “அம்மா, அவருக்குச் சேணம் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “தலைக்கவசமும் இல்லை” என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பரிசு கொடுத்தது நான்.

இப்போது நான் கேட்பது. முழுத் தொகையையும் என் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். தலைக்கவசத்தையும் பிஸ்கட்டையும் இன்றே தளத்திலிருந்து எடுங்கள். இந்தப் பெட்டியை ஏற்கெனவே வாங்கிய எல்லோருக்கும், ‘இந்தத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு குதிரை ஏற வேண்டாம், பிஸ்கட்டைக் குதிரைக்குக் கொடுக்க வேண்டாம்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தி அனுப்புங்கள். எனக்குப் பணத்தைவிட இதுதான் முக்கியம். விடுமுறை முடிந்து எத்தனை பிள்ளைகள் இதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்களோ தெரியாது. எல்லா இடத்திலும் அழுத்திப் பார்க்கிற மாஸ்டர் இருக்கமாட்டார். மண்குதிரை விவரத்தையும் திருத்துங்கள், செய்தவர் யார், எங்கே செய்தது என்று உண்மையைப் போடுங்கள்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் மின்னஞ்சல் டிசம்பர் 26-ஆம் தேதி அனுப்பியது. அந்தக் கணக்கை நான் வைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதிலும் தீரவில்லை என்றால் சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. பில், உங்கள் பக்கத்தின் படங்கள், மாஸ்டர் அழுத்திக் காட்டும் வீடியோ, பாக்கெட்டின் மடிப்பு, உடைந்த காது எல்லாவற்றையும் இதோடு இணைத்திருக்கிறேன்.

பொருட்களை எடுத்துப்போக ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன், கட்டி வைத்திருக்கிறேன். தலைக்கவசத்தின் பட்டையை மட்டும் இரண்டாக வெட்டி, ஓட்டின் மேல் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். திரும்ப வந்த பொருள் மறுபடி இன்னொரு பிள்ளைக்குப் போகக் கூடாது. அதற்காக ஏதாவது தொகையைக் கழிக்க வேண்டும் என்றால் எவ்வளவு, எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வேளச்சேரி, சென்னை.
ஜனவரி 8