ஸ்பெரான்ஸ்கியின் கதை 1812-இல் முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ரஷ்ய அமைச்சர் மிகயில் ஸ்பெரான்ஸ்கியைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கிராமத்துப் பாதிரியாரின் மகன் முதலாம் அலெக்சாந்தர் மன்னரின் வலக்கையானதையும், 1812-இல் ஒரே இரவில் விழுந்ததையும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் விழுந்த காரணத்துக்கு 'பிரெஞ்சு ஆதரவாளர் என்ற சந்தேகம்' என்று ஒற்றை வரி. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த 27 வருடங்களுக்கு அதுவும் இல்லை.

நீதிமன்றப் பதிவறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

சந்தேகம் வெறும் சாக்கு. 1809-இல் அவர் கொண்டுவந்த ஆணையைப் பாருங்கள். அரசுப் பணியில் எட்டாம் படிநிலைக்கு உயரப் பல்கலைக்கழகச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் தேர்வு எழுத வேண்டும். அந்தப் படியை எட்டினால் பரம்பரைப் பிரபு அந்தஸ்தே கிடைக்கும். நாற்காலியைத் தேய்த்தே மேலே வந்தவர்களுக்கு வயிறு எரியாதா? அரண்மனைப் பட்டம் இருந்தாலே பதவி என்பதையும் நிறுத்தினார். பிரபுக்களின் நிலங்களுக்கு வரி போட்டார். நெப்போலியனோடு போர் நெருங்கியபோது மன்னருக்கு அந்தப் பிரபுக்கள் தேவைப்பட்டார்கள். மார்ச் 17 அன்று இவரோடு இரண்டு மணி நேரம் தனியாகப் பேசி அனுப்பினார். வீட்டில் போலீஸ் அமைச்சர் பலாஷோவ் காத்திருந்தார். விசாரணை இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை. தூங்கிக்கொண்டிருந்த 12 வயது மகளை எழுப்பாமல், தலைநகரை விட்டு நீஷ்னி நோவ்கொரத் நகருக்கு நாடுகடத்தப்பட்டவராக வண்டி ஏறினார். தாயில்லாத பிள்ளை அது.

அப்புறம் பெர்ம் நகரிலும் அதே தண்டனை; பிறகு பென்சாவிலும் சைபீரியாவிலும் ஆளுநர் பதவி. தலைநகர் பீட்டர்ஸ்பர்க் திரும்பியது 1821-இல்.

1825 டிசம்பரில் மன்னராட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியாளர்களுக்கு 1826-இல் தண்டனை விதித்த நீதிமன்றத்தில் அவரும் உட்கார்ந்தார். தங்கள் ஆட்சி வந்தால் அவருக்கு இடம் தர நினைத்திருந்தவர்கள் அவர்கள். ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இந்த ஒன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனாலும் அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் நடந்தது. பழைய சட்டத்தொகுப்பு வெளியான 1649-க்குப் பின் வந்த ரஷ்யச் சட்டங்களைத் தொகுக்கப் பல குழுக்கள் முயன்று கைவிட்டிருந்தன. இவர் 30,000-க்கும் மேற்பட்ட ஆணைகளைத் தேடியெடுத்து, கால வரிசையில் 45 தொகுதிகளாக 1830-இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். பிறகு நடப்பிலிருந்த சட்டங்களை மட்டும் பிரித்து 15 தொகுதிகள். ஒரே ஒரு பழைய கட்டுக்காக நாள் முழுக்கத் தூசியில் நின்றிருக்கிறேன். 45 தொகுதி என்றால் எத்தனை அலமாரி, எத்தனை கை என்று எனக்குத் தெரியும்.

இந்த வேலைக்காக 1833-இல் முதலாம் நிக்கோலாய் மன்னர், அரசு ஆலோசனை அவைக் கூட்டத்திலேயே தான் அணிந்திருந்த விருது நட்சத்திரத்தைக் கழற்றி அவருக்கு அணிவித்தார். அந்த அவை 1810-இல் ஸ்பெரான்ஸ்கி வகுத்த திட்டப்படி உருவானது. கட்டுரையின் அடுத்த பகுதியை இங்கிருந்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்