மறுவாழ்வு மையத்துக்குத் தமிழறிந்த செவிலியர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 34 வயதான என் தம்பி அறிவுசார் குறைபாடு உடையவன். உள்ளாட்சி அமைப்புகள், கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் துணையோடு, இத்தகையவர்களுக்காக நடத்தும் பட்ஸ் மறுவாழ்வு மையம் ஒன்றுக்குச் சென்று வருகிறான்.

அங்கு நடக்கும் பாட்டையும் தாளத்தையும் வண்ணம் தீட்டுதலையும் வெறும் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பேச்சில் பத்துச் சொற்களைத் தாண்டாத என் தம்பி, கும்மிப் பாட்டு தொடங்கிவிட்டால், கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் குடத்தின் முன் அமர்ந்து, தன் முறை வரும்வரை பொறுத்திருந்து, சரியான இடத்தில் தட்டுவான். அந்தப் பொறுமை வேறு எதிலும் அவனுக்கு வந்ததில்லை. மலையாளப் பாட்டென்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். இதைக் கவனித்த ஆசிரியை, எங்கள் அப்பத்தா பாடிய கும்மியை என்னிடம் கேட்டு, தமிழ் எழுத்து தெரியாததால் மலையாள எழுத்தில் குறித்துக்கொண்டு போய்ப் பாடினார்.

சென்ற ஆடி மாதம் அவன் குடத்தைத் தொடவில்லை. தட்டைத் தள்ளினான், கன்னத்தில் அறைந்துகொண்டான். அழைத்துச் சென்ற மருத்துவமனையில், இத்தகையவர்களின் சுபாவமே இதுதான் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதித் தந்தார்கள். பாட்டு நேரத்தில் அவன் வலது தாடையைக் கையால் தாங்கியபடியே இருப்பதைக் கண்டு சொன்னவர் அதே ஆசிரியைதான். பல் மருத்துவர் பார்த்தபோது கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருந்தது. பதினோரு நாள் பொறுத்திருக்கிறான்.

உடல்நோயின் அறிகுறியைக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடும் இப்பிழைக்கு மருத்துவத்தில் தனிப்பெயரே உண்டு. வலிப்பு, மலச்சிக்கல், விழுங்குவதில் சிரமம் ஆகியவை அறிவுசார் குறைபாடு உடையவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்குத் தைராய்டு சோதனையும் அவ்வப்போது தேவை. ஆசிரியையின் அன்பு மட்டும் இதற்குப் போதாது, பயிற்சி பெற்ற செவிலியரின் கண் வேண்டும். பிரிட்டனில் இதற்கென்றே செவிலியர் படிப்பில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது.

நம்மிடம் அப்படியொரு பிரிவு இல்லாவிட்டாலும், ஊராட்சி வழியாக வீடு தேடி வரும் வலித்தணிப்புச் செவிலியர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாரத்தில் அரை நாள் மையத்துக்கு வந்து, முக்கியமாகப் பாட்டு நேரத்தில் உடனிருந்து, ஒவ்வொருவரின் எடை, பல், மலம், வலிப்பு ஆகியவற்றைக் குறித்துவைத்தால் போதும். தமிழ்க் குடும்பத்தவர் வரும் மையங்களில் அவர் தமிழறிந்தவராக இருப்பது அவசியம். அருகிலேயே மருத்துவ வசதி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்வதால், நாங்கள் கேட்பது சலுகை அன்று.

மருத்துவரிடம் காட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும். வலித்தால் இவன் என்ன செய்வான், எந்தச் சொல் புரியும், ஊசியைக் கண்டால் எப்படி அமைதிப்படுத்துவது என்று அதில் இருக்க வேண்டும். எங்கள் மையத்துக்குத் தமிழ் வீடுகளிலிருந்து வருபவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பக்கங்களையும் வீட்டார் நாங்களே எழுதித் தருகிறோம். வாங்கிவைத்துப் படிக்க ஒரு செவிலியரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை