ஐப்பசியில் ஒரு கணக்கெடுப்பு வேண்டும்: இராமநாதபுரத்து உடங்காடுகளுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வனத்துறை உயர் அலுவலர்களுக்கும், இராமநாதபுரம் வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கும், மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும்,

வணக்கம்.

புரட்டாசிப் பிற்பகுதியிலிருந்து கார்த்திகை வரை, மழைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கப் போகும் பறவைகள் நம் இராமநாதபுரம் கடற்கரையில் இறங்கி, இளைப்பாறி, கடந்து செல்கின்றன. அந்தப் பறவைகளை அவை வரும் காலத்திலேயே கணக்கெடுக்க வேண்டும் என்றும், அவை இறங்கும் உடங்காடுகள், அதாவது உடைமரங்கள் நிறைந்த கடலோர முட்காடுகள், பொக்லைன் இயந்திரங்களுக்கு இரையாகும் முன் அவற்றை அடையாளமிட்டுக் காக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நீர்ப்பறவைகளுக்கு இந்த மாவட்டத்தில் அரசு செய்திருப்பது சிறிதன்று. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என ஐந்து கண்மாய்கள் பறவைகள் சரணாலயங்களாக உள்ளன. அவற்றில் நான்கு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டன. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் தனுஷ்கோடியில் ஏறத்தாழ 524 எக்டேர் பரப்பு பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது இந்தக் கரையில் மகிழாத பறவை ஆர்வலர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் இவை அனைத்தும் நீரையும் சேற்றையும் நம்பி வாழும் பறவைகளுக்கானவை. கரையேறிச் சற்று உள்ளே நடந்தால் முள்ளும் பனையும் மணலுமாகக் கிடக்கும் நிலத்தில் இறங்கும் பறவைகளுக்கு எந்த ஏற்பாடும் இல்லை. அந்த நிலத்தைப் பொட்டல் என்றே பலரும் கருதுகிறார்கள்.

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். இமயமலை அடிவாரத்துக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, மழை ஓய்ந்ததும் தெற்கு நோக்கிக் கிளம்பும் பறவை அது. பகலில் ஓய்ந்து இரவில் பறக்கும். மொத்த எடையே 50 முதல் 60 கிராம்தான். நம் பக்கத்து உடைமரத்தின் அடியில் சருகு சேர்ந்திருக்கும் இடத்தில் அசையாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும் பொறுமை உள்ளவருக்கு, ஐப்பசிக் காலையில் அதைக் காணும் வாய்ப்பு உண்டு. குட்டை வாலோடு இரண்டு தாவல் தாவி நிற்கும். அலகால் ஒரு சருகைப் புரட்டி ஓரமாக எறியும். தலையைச் சாய்த்துப் பார்க்கும். மண்புழுவோ பூச்சியோ அகப்பட்டால் விழுங்கிவிட்டு அடுத்த சருகுக்குப் போகும். முதுகுப் பச்சை நிழலோடு கலந்துவிடுவதால் முதலில் ஒன்றும் தெரியாது. திரும்பும்போது வாலடியின் சிவப்பும் இறக்கையின் நீலமும் ஒருசேரத் தெரியும். கோடைக்கு முன் நான்கைந்து மாதங்கள் இதே பறவைதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் இலங்கையின் காடுகளிலும் இருக்கிறது.

அதனோடு வருபவையும் குறைந்தவை அல்ல. கிழக்கு ஆசியாவில் இனப்பெருக்கம் செய்துவிட்டு வரும் கொடிக்கால் வாலாட்டி, மற்ற வாலாட்டிகளைப் போல வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் உடலோடு சேர்த்து அசைத்தபடி மரநிழலில் நடக்கும். அரசவால் ஈபிடிப்பான், பழுப்பு ஈபிடிப்பான், மாங்குயில், இலைக்கதிர்க்குருவிகள், கூட்டம் கூட்டமாக நீலவால் பஞ்சுருட்டான் என்று பட்டியல் நீளும். கேரளத்தின் தட்டேக்காட்டிலும் வால்பாறையிலும் இலங்கையின் சிங்கராஜாவிலும் இந்தப் பறவைகளைக் காண்பதற்காகவே உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து, காட்டோர ஊர்களில் தங்கி, உள்ளூர் வழிகாட்டிகளுக்குக் கூலி கொடுத்து, அதிகாலையில் அட்டைக்கடியையும் பொருட்படுத்தாமல் நடக்கிறார்கள். 1988இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த சிங்கராஜா மழைக்காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றாகத் திரிந்து இரை தேடும் கலப்புக் கூட்டங்களைப் பல பதிற்றாண்டுகளாக ஆய்வாளர்கள் தொடர்ந்து பதிவு செய்துவருகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் சேரும் வலசைப் பறவைகளில் ஒரு பங்கு, கடலைத் தாண்டும் முன் நம் கரையில்தான் கடைசியாகக் கால் ஊன்றுகிறது.

இந்தக் கரை அவ்வாறு அமைந்ததற்குக் காரணம் நிலத்தின் அமைப்பே. தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். அதிலும் நடுநடுவே மணல் தீடைகள் உள்ளன. வடக்கிலிருந்து வரும் சிறு பறவைக்கு இதைவிடக் குறுகிய கடப்பு வேறெங்கும் இல்லை. காற்று சாதகமாக இருந்தால் இரவோடு இரவாகப் போய்விடும். காற்று மாறி, வானம் மூடி, முதல் மழை இறங்கும் நாள்களில் அது போக முடியாமல் கரையில் தேங்கும். இரவு வலைக்குப் போகும் நாட்டுப்படகு மீனவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: தூறலடிக்கும் இரவுகளில் விரலளவு பறவைகள் படகின் அணியத்திலும் கயிற்றிலும் வந்து அமர்ந்து, விரட்டினாலும் எழாமல் ஒடுங்கிக் கிடப்பதைச் சொல்வார்கள். அறிவியலாளர்கள் தேடிவந்து கேட்க வேண்டிய சாட்சியம் அது. இதுவரை அதைக் கேட்டு எழுதிவைத்தவர் மிகச் சிலரே.

வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பு, நீர்ப்பறவைகளுக்கும் தரைவாழ் பறவைகளுக்கும் தனித்தனியே, பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் நடைபெறுகிறது. கண்மாய்ப் பறவைகளுக்கு அது பொருத்தமான காலம். மலைக்காடுகளுக்கும் பொருத்தமே, குளிர்கால விருந்தாளிகள் அப்போது அங்கே நிலைகொண்டிருக்கும். கடந்து செல்லும் கரைக்கு மட்டும் அது சற்றும் பொருந்தாது. மார்ச் மாதத்தில் தன்னார்வலர்கள் தொலைநோக்கியோடு மண்டபத்தில் நடக்கும்போது, அக்டோபரில் அதே உடைமரத்தடியில் சருகு புரட்டிய ஆறுமணிக்குருவி சிங்கராஜாவின் ஈரமண்ணில் இருக்கும். சித்திரையில் அது திரும்பும்போது கணக்கெடுப்பு முடிந்து ஏடுகள் மூடப்பட்டிருக்கும். இப்படி ஒவ்வோர் ஆண்டும், பறவை இல்லாத நாளில் எண்ணிவிட்டு, இந்த இடத்தில் பறவை இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்துத்தான் பிறகு நிலப் பயன்பாடு பற்றிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்பதே என் கவலை.

ஆகவே அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் சேர்த்து குறைந்தது மூன்று வார இறுதிகளிலும், ஏப்ரலில் ஒரு முறையும், பாம்பன் தீவு, மண்டபம், உச்சிப்புளி, சேதுக்கரை, வாலிநோக்கம் ஆகிய பகுதிகளில் தரைவாழ் பறவைகளுக்கு மட்டுமான கணக்கெடுப்பை நடத்துங்கள். ஒரே நாளில் முடித்துவிடக் கூடாது; வலசை ஒரே சீராக நடப்பதில்லை, வெறிச்சோடிய காலைக்கு அடுத்த காலையிலேயே காடு நிறைந்துவிடுவது உண்டு. பெரிய செலவு தேவையில்லை. பள்ளிகளில் தேசிய பசுமைப்படை இருக்கிறது. கல்லூரிகளில் விலங்கியல் துறைகள் இருக்கின்றன. பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்தில் பதிவிடப் பழகிய இளைஞர்கள் இருக்கிறார்கள். துறையின் அழைப்பும், அனுமதியும், ஒரு வனக்காப்பாளரின் துணையும் கிடைத்தால் போதும்.

அடுத்ததாக, உடங்காடு. குடைபோல் மேற்புறம் தட்டையாக விரிந்து, வெள்ளை முள்ளும் சுருண்ட காயுமாக நிற்கும் உடைமரம் இந்தக் கரைக்கே உரியது. அதன் காய் ஆட்டுக்குத் தீவனம், முள் வேலிக்கு, விறகு அடுப்புக்கு. அதோடு சேர்ந்து உகாய் என்ற சிறு மரம் வளர்கிறது. அதன் சிறு பழங்களைப் பறவைகள் விரும்பி உண்ணும். பனை உயர நின்று காற்றைத் தணிக்கிறது. மூன்றும் சேர்ந்த இடத்தில் கீழே நிழலும் சருகும் ஈரமும் தங்குகின்றன. மழைக்காட்டுக்குப் போகும் பறவைக்கு இந்த வறண்ட கரையில் கிடைக்கும் காடு அதுதான்.

சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கண்மாய்களை அது படுத்திய பாட்டை இராமநாதபுரத்தார் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதை அகற்றும் முறையில்தான் கேடு நேர்கிறது. எங்கள் ஊருக்கு வெளியே, கடலோரத் தரிசில், சீமைக்கருவேலத்தை அகற்ற வந்த ஒப்பந்தக்காரரின் இயந்திரம் இரண்டே நாளில் முழு நிலத்தையும் வழித்தெடுத்தது. பிடுங்கிக் குவித்த குவியலருகே நான் நின்று பார்த்தேன். நீண்ட மஞ்சள் நெற்றுகள் தொங்கிய கிளைகளுக்கு இடையே, சுருண்ட காய்களோடு உடைமரக் கிளைகள் ஏராளமாகக் கிடந்தன. அடியில் உகாய்த் தூர்கள் மண்ணோடு பெயர்ந்து கிடந்தன. இயந்திரத்தை ஓட்டிய தம்பியிடம் கேட்டபோது, "எல்லாம் முள்ளுதானேண்ணே, இதை விடு அதை விடுன்னு யாரும் சொல்லலையே" என்றார். அவர் சொன்னது உண்மை. யாரும் சொல்லவில்லை. அடுத்த மழையில் அங்கே முதலில் முளைத்தது மீண்டும் சீமைக்கருவேலமே. உடைமரம் அந்த உயரத்துக்கு வர ஆண்டுகள் பல ஆகும்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. சீமைக்கருவேலம் அகற்றும் பணி எதுவானாலும், இயந்திரம் இறங்கும் முன் வனத்துறையிலிருந்தோ ஊராட்சியிலிருந்தோ மரம் அறிந்த ஒருவர் நடந்து, விட வேண்டிய உடை, உகாய், பனை, வேம்பு ஆகியவற்றுக்கு வண்ணம் பூச வேண்டும். வண்ணம் பூசிய மரம் சாய்ந்தால் ஒப்பந்தத் தொகையில் பிடித்தம் என்று ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். ஆடு மேய்க்கும் பெரியவர்களிடம் கேட்டால் எந்த மரம் எங்கே நிற்கிறது என்பதை நிலப்படம் இல்லாமலே சொல்வார்கள். அந்த வேலையை அவர்களுக்கே கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். இதற்கான சுற்றறிக்கை ஒன்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஊராட்சிகளுக்குச் சென்றால் பாதிச் சேதம் நின்றுவிடும்.

இத்துணை சிறிய துண்டுகளைக் காப்பதால் என்ன பயன் என்று கேட்கப்படலாம். வால்பாறையைச் சொல்வேன். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் சில, ஒரு ஊரின் மந்தைவெளி அளவே இருக்கும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தோட்ட நிறுவனங்களோடு பேசி, அந்தத் துண்டுகளில் களை அகற்றி, அந்த மண்ணுக்கே உரிய மரக்கன்றுகளை நட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்துவருகிறது. இருவாச்சிகள் தோட்டங்களுக்கு மேலே பறந்து அந்தத் துண்டுகளுக்கு இடையே போய்வருகின்றன. மலைமேல் ஒரு துண்டுக் காட்டுக்குக் கிடைக்கும் மதிப்பு, கடற்கரையில் ஒரு துண்டு உடங்காட்டுக்கும் கிடைக்க வேண்டும். இங்கே நட வேண்டிய கன்றுகள்கூட வேறு. கடலோரத்தில் வரிசையாகச் சவுக்கு நடுவது காற்றுக்குத் தடுப்பாகும். அதன் அடியில் சருகுப் பூச்சி தேடும் பறவைக்குக் கிடைப்பது மிகக் குறைவு. வனத்துறை நாற்றங்கால்களில் உடையும் உகாயும் வளர்த்துக் கொடுங்கள்.

விளக்குகள் பற்றியும் ஒரு சொல். இரவில் பறக்கும் சிறு பறவைகள் மேகமூட்டமான இரவுகளில் வெளிச்சத்தால் ஈர்க்கப்பட்டு, சுவரிலும் கண்ணாடியிலும் மோதி விழுகின்றன. கடற்கரையோரத் தங்கும் விடுதிகளிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் வானத்தை நோக்கி எரியும் ஒளிவெள்ள விளக்குகளை, அக்டோபர் முழுவதுமாவது இரவு பத்து மணிக்கு மேல் அணைக்கவோ கீழ்நோக்கித் திருப்பவோ ஆணையிடலாம். விடியலில் வீட்டுத் திண்ணையில் சோர்ந்து கிடக்கும் பச்சைக் குருவியைப் பிள்ளைகள் பிடித்துவைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவது இன்னும் நடக்கிறது. அது மூச்சுக்குழாயில் இறங்கிப் பறவை செத்துவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வைத்து, தெளிந்தபின் மாலையில் பக்கத்து மரக்கூட்டத்தில் விட வேண்டும் என்பதைப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொன்னாலே போதுமானது.

இந்தப் பறவைகளைக் காண வெளியூர் ஆர்வலர்கள் வரத் தொடங்கினால், அதற்கும் முன்கூட்டியே ஒழுங்கு வேண்டும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கும் வழக்கத்தை இங்கே தொடக்கத்திலேயே தடை செய்யுங்கள். கடலைத் தாண்ட இரை சேர்க்கும் பறவைக்கு ஒவ்வொரு நிமிடமும் தேவை. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுப் படகுப் பயணத்தை ஊர்மக்களைக் கொண்டே நடத்திக் காட்டியிருக்கிறீர்கள். சிங்கராஜாவில் உள்ளூர் வழிகாட்டி உடன் வராமல் காட்டுக்குள் நுழைய விடுவதில்லை. அதே முறையில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதி மீனவக் குடும்பத்து இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து, அவர்களோடு மட்டுமே உடங்காட்டுக்குள் செல்லலாம் என்று விதியுங்கள். புயல் எச்சரிக்கைக் கொடி ஏறிப் படகுகள் கரையில் நிற்கும் ஐப்பசி நாள்களில் அது அவர்களுக்கு ஒரு நாள் வருமானமாகவும் இருக்கும்.

வரும் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் கணக்கெடுப்புக்கான அனுமதி கிடைக்குமானால், இடங்களைத் தேர்வு செய்து தன்னார்வலர்களுக்குப் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை எங்கள் பகுதி ஆசிரியர்களும் பறவை ஆர்வலர்களும் ஏற்றுக்கொள்ள அணியமாக இருக்கிறோம். நாங்கள் அறிந்த உடங்காடுகளைப் புல எண் வாரியாகப் பட்டியலிட்டு வருகிறோம். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் எங்களோடு நேரில் வந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மண்டபம் பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர், பறவை ஆர்வலர்