கூரையைப் பிரித்தவர்களுக்கு

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், மூன்று பேருக்கு எழுதுவதற்குள் அழுகை வந்து நிறுத்திவிட்டேன், அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் கணவர் நேற்று எழுந்து நின்றார். வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான், பத்தடிதான் நடந்தார், ஆனால் நடந்தார்.

விவரம் தெரியாதவர்களுக்காக: ஒரு சாதாரண வயிற்றுப்போக்கு வந்து சரியாகி இரண்டு வாரம் கழித்து, உள்ளங்கால் மரத்துப்போகிறது என்றார். மறுநாள் படியேற முடியவில்லை. நான்காம் நாள் கையைத் தூக்க முடியவில்லை, ஐந்தாம் நாள் மூச்சுக்கு வென்டிலேட்டர். கில்லன் பாரே என்று டாக்டர் பெயர் சொன்னார். கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்பு சக்தியே நரம்புகளின் மேலுறையைத் தின்றுவிடுமாம், கரண்ட் வயரின் மேல்தோலை உரித்துவிட்டது போல. உள்ளே இருக்கும் மனுஷன் முழு நினைவோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான், விரலை மட்டும் அசைக்க முடியாது.

ஜெபம் பண்ணு, விசுவாசமாயிரு என்று எல்லாரும் சொன்னீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என்னால் முடியவில்லை. ஐசியூ வாசல் பெஞ்சில் உட்கார்ந்து 13-ம் சங்கீதத்தைத் திறந்தால் முதல் இரண்டு வசனத்திலேயே நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று வருகிறது, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை, ஒரு வாரம் முழுக்க அந்த ஒற்றை வார்த்தைதான் என் ஜெபம்.

மாற்கு 2-ம் அதிகாரத்தில் கைகால் அசையாத திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்துக் கட்டிலை இறக்குவார்களே, ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டுவரும் கதை. அங்கே இயேசு ‘அவர்கள்’ விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அன்றைக்கு என்ன நம்பினான் என்று தனியாக ஒரு வரிகூட இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. அந்த நாட்களில் எனக்கும் சேர்த்து நம்பினவர்கள் நீங்கள்.

இரவை மணிநேரமாகப் பங்கு போட்டு, அலாரம் வைத்து எழுந்து ஜெபித்த குழுவுக்கு நன்றி. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, ஒவ்வொரு முறையும் ‘அண்ணா, இப்போ வலது பக்கம் திரும்பறோம்’ என்று சொல்லிவிட்டுச் செய்த நர்ஸ் தங்கைகளுக்கு நன்றி; அவர் பேச ஆரம்பித்ததும் முதலில் சொன்னது அதைத்தான். ஐந்து நாள் ஏற்றிய அந்த இம்யூனோகுளோபுலின் மருந்து, ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுப்பதாம். அந்த முகம் தெரியாதவர்களுக்கு எங்கே போய் நன்றி சொல்வது?

அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா. அந்தக் கதையில் கூரை போன வீட்டுக்காரரை யாரும் நினைப்பதில்லை, பாவம். என் இரண்டு பிள்ளைகளும் இரண்டு மாதம் உங்கள் வீட்டைத் தலைகீழாக்கினார்கள், நீங்கள் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ‘நீ போய்த் தூங்கு, நான் இங்கே உட்கார்கிறேன்’ என்று என்னை வீட்டுக்கு விரட்டியதும் நீங்கள்தான். சாகிறேன் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான், அவ்வளவுதான்.

‘விசுவாசக் குறைவால்தான் இப்படி ஆயிற்று’ என்று என்னிடம் சொன்னவருக்கும் நன்றி சொல்லத்தான் பார்க்கிறேன். இன்னும் வரவில்லை.

இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் எழுந்துவிடுவார்கள், இதில் அதிசயம் என்ன என்று ஒருவர் கேட்டார். சரி, இருக்கட்டும். மருந்தா கடவுளா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை, எனக்கு இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தது. ஆனால் அடுத்த படுக்கையில் இருந்தவரின் மனைவியும் என்னைப் போலவே அதே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தார், அவர் கணவர் வீடு திரும்பவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, தயவுசெய்து யாரும் சொல்லவும் வேண்டாம். இன்றைக்கும் வாரம் ஒருமுறை போன் பண்ணி ‘அண்ணன் எப்படி இருக்கிறார்’ என்று கேட்கிறார். அக்கா, உங்களுக்கு நன்றி என்ற வார்த்தை போதாது.

இடது கை விரல்கள் இன்னும் சரியாகவில்லை, சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். மாதக்கணக்கில் ஆகலாம் என்கிறார்கள், பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. மூன்றாம் இரவு நான் பெஞ்சிலேயே கண்ணயர்ந்தபோது யாரோ ஒரு நீலப் போர்வையைப் போர்த்திவிட்டுப் போயிருந்தீர்கள். எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன், யாரும் தான்தான் என்று சொல்லவில்லை. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், கதவை அவரே திறப்பார், கொஞ்சம் நேரமாகும், நில்லுங்கள்.