மழை நனைத்த சுவருக்கு எங்கள் முற்பணமா?

மலையக நகரங்களில் வீடு வாடகைக்குக் கொடுக்கும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் ஆசிரியை. நான்கு வருடங்களாக ஹட்டனில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். சென்ற மாதம் வீட்டை விடப்போவதாக உரிமையாளரிடம் சொன்னோம். மறுவாரமே கொப்பித் தாளில் எழுதிய ஒரு கணக்கு வந்தது. இரண்டு அறைகளுக்குப் பெயின்ட் 64,000 ரூபாய், சீலிங் பலகை 28,000 ரூபாய், குசினிக் குழாய் 3,500 ரூபாய். நாங்கள் கொடுத்திருந்த 150,000 ரூபாய் முற்பணத்தில் 54,500 தான் திரும்பி வருமாம். ஒரு பற்றுச்சீட்டுக்கூட இணைக்கப்படவில்லை.

குழாயை நாங்கள்தான் உடைத்தோம். அந்த 3,500 ரூபாயைக் கொடுப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. போன வருடம் என் மகன் பந்தடித்து உடைத்த ஜன்னல் கண்ணாடியையும் யாரும் கேட்காமலே மாற்றிப் போட்டோம். ஆனால் அந்தச் சுவரைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும்.

எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவர் அது. வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஹட்டன் பக்கம் மழை நேராக விழுவதில்லை. காற்றோடு சாய்ந்து வந்து சுவரில் அறையும். முதல் வருடம் ஜன்னலின் மேல் மூலையில் சிரட்டை அளவு ஒரு கறை தெரிந்தது. ஆடிக்குள் அது கட்டில்வரை இறங்கியது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். அப்படியும் நான் பாடசாலைக்கு உடுத்தும் சேலையில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. மகளின் கொப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உரிமையாளரிடம் மூன்று தடவை சொன்னோம். வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்றார்.

கடைசியில் எங்கள் செலவில் ஒரு மேசன் பாஸைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஏணி கேட்டார். மேலே ஏறியவர் கைநிறையச் சேறும் அதில் வேர்விட்ட ஒரு பன்னச் செடியுமாக இறங்கினார். கூரைப் பீலி முழுவதும் இலை அடைத்துக் கிடந்திருக்கிறது. நிரம்பிய தண்ணீர் வெளியே போக வழியின்றிச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. சீலிங் பலகை ஊறி வீங்கியதும் அதே தண்ணீரால்தான். பீலியைத் துப்புரவாக்கி, கூரைத் தகட்டின் ஆணித் துளைகளை அடைக்காமல் எத்தனை வாளி பெயின்ட் அடித்தாலும் அடுத்த ஆடியில் அது உரிந்து விழும் என்றார். உரிந்துதான் இருக்கிறது. எங்களுக்கு முன் அதே வீட்டில் குடியிருந்த குடும்பத்தைத் தற்செயலாகச் சந்தித்தபோது தெரிந்தது, அவர்களுடைய முற்பணத்திலும் இதே சுவருக்குப் பணம் கழித்திருக்கிறார்கள். ஒரே சுவர், இரண்டு குடும்பங்களின் காசு; பீலி மட்டும் அப்படியே கிடந்திருக்கிறது.

அதே வளவின் பின்பக்கத்தில் குடியிருப்பவர்களிடம், அவர்கள் வீட்டை விடாதபோதே, கூரைத் திருத்தத்துக்கு என்று மாதம் 3,000 ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். இலங்கையின் பொதுச் சட்டமாக இருக்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, உடன்படிக்கையில் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் பராமரிப்பது உரிமையாளரின் கடமை. குடியிருப்பவர் தம்மால் வந்த சேதத்துக்குப் பொறுப்பு; பாவனையால் வரும் இயல்பான தேய்வுக்குப் பொறுப்பில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனாலும் நம் நகரங்களில் பாதிப் பேர் வாய்ப்பேச்சிலும் ஒரு துண்டுக் காகிதத்திலும் வீடு கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள். எங்கள் காகிதம் சிங்களத்தில் இருந்தது. வாசிக்கத் தெரியாமல் கையொப்பமிட்டது எங்கள் பிழைதான். தமிழில் ஒரு பிரதி கேட்டிருக்க வேண்டும்.

2022க்குப் பிறகு சீமெந்தும் பெயின்டும் என்ன விலைக்குப் போயின என்று எங்களுக்கும் தெரியும். உங்களில் பலர் வங்கிக் கடனில் வீடு கட்டி, வாடகையை நம்பித் தவணை கட்டுகிறீர்கள். கூரை திருத்த வாடகையைக் கூட்டத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். முடிந்தவர்கள் இருப்பார்கள், முடியாதவர்கள் வேறு வீடு பார்ப்பார்கள். வீட்டை விடும் நாளில், புது வீட்டுக்கு முற்பணம் கட்ட வேண்டிய அந்த நேரத்தில், கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தொகை மட்டுமன்று. கணக்கைப் பற்றிக் கேட்கப் போனபோது, “லயத்தில் இருந்தவர்களுக்கு வீடு பாவிக்கத் தெரியாது” என்று எங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த வரிசை அறைகளில், பிறந்தவள். ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு, அதில் ஏழு பேர். அந்த லயம் எங்களுக்குச் சொந்தமில்லை, தோட்டத்துக்குச் சொந்தம். தகரம் ஒழுகுகிறது என்று அப்பா துரையிடம் எத்தனை முறை போய் நின்றார் என்று கணக்கில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் கொழுந்து பறித்த காசில் அம்மா சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து, விடிய எழுந்து அந்தச் சுவரை வெள்ளையடிப்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் தரையைச் சாணமிட்டு மெழுகுவார். தமக்குச் சொந்தமில்லாத சுவரை அப்படிப் பார்த்துக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கா வீடு பாவிக்கத் தெரியாது?

வீடு கொடுக்கும் நாளில் எங்களோடு கூட நடந்து ஒவ்வொரு அறையையும் பாருங்கள். எங்கே கறை, எங்கே வெடிப்பு என்று எழுதி, படமெடுத்து, இருவரும் ஒப்பமிடுவோம். விடும் நாளில் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் நடப்போம். கழிப்பதென்றால் பற்றுச்சீட்டோடு கழியுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை பீலியைத் துப்புரவாக்குங்கள். எங்கள் பக்கம் சித்திரையில், பதுளை, பண்டாரவளைப் பக்கம் புரட்டாசியில்.

எங்கள் வீட்டு விஷயத்தை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோக விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, இரு தரப்பும் உட்கார்ந்து பேசினால் போதும். அதற்கு முன் உரிமையாளர் ஒரு நாள் நேரில் வந்து பார்த்தால் அந்த விண்ணப்பத்துக்கு வேலையிருக்காது. மழை பெய்யும் நாளாக இருந்தால் நல்லது. ஏணியை நாங்கள் எடுத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஹட்டனில் வாடகைக்குக் குடியிருக்கும் ஓர் ஆசிரியை