1994-இல் அந்த ஆறு வரிகளை எழுதியவருக்கு

வணக்கம்.

உங்களை எனக்குத் தெரியாது. சி மொழியில் நீங்கள் எழுதிய நிரல் 2003-இல் என் கைக்கு வந்தபோது அதன் தலைப்பில் 1994 என்ற ஆண்டு மட்டும்தான் இருந்தது. பின்னாளில் அதை, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று பதிவு வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளுக்கு மாற்றினோம். இன்று எந்த வரி யாருடையது என்று கேட்டாலும், நான் ஏற்றிய நாளையும் என் பெயரையுமே அது காட்டுகிறது. உங்கள் வேலைக்கு என் பெயர் நிற்பது நெடுநாளாக உறுத்துகிறது.

தரவைச் சேமிக்கும் அந்த ஃபங்ஷன், நிரலின் அந்தச் சிறு பகுதி, நினைவிருக்கிறதா? ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, மூடி, மறுபடி திறந்து முழுவதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழைய கோப்பின் இடத்தில் வைப்பீர்கள். எனக்கு அப்போது வேகம்தான் பெரிது. எழுதியதையே எதற்குத் திரும்பப் படிக்க வேண்டும் என்று அந்த ஆறு வரிகளையும் அழிக்கப் போனேன். மேலே, படிப்பவருக்காக நிரலுக்குள்ளேயே எழுதும் குறிப்பாக, உங்கள் கமென்ட் இருந்தது: "இதை எடுக்க வேண்டாம். டிஸ்க் நிரம்பியிருந்தாலும் எழுதும் கட்டளை சரி என்றே சொல்கிறது. ஒரு நாள் பதிவு முழுவதும் போனது."

நம்பாமல், ஒரு 1.44 எம்.பி. ஃப்ளாப்பியைக் கிட்டத்தட்ட நிரப்பிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னதேதான். சின்னச் சின்னப் பதிவுகளைச் சி மொழியோடு வரும் நூலகம் முதலில் நினைவகத்தில் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு சரி என்கிறது. வட்டில் இடமில்லை என்பது பஃபர் காலியாகும்போதோ கோப்பை மூடும்போதோதான் தெரிய வரும். மூடும்போது என்ன விடை வந்தது என்று நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. அன்றைக்கு என் கையைப் பிடித்து நிறுத்தியது அந்த மூன்று வாக்கியங்கள்.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே சுமார் 40 நொடிகளில் வெடித்ததே, அதன் விசாரணை அறிக்கையைப் படித்தபோது உங்களைத்தான் நினைத்தேன். 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டில் அடைக்கப் போய் வந்த பிழை அது. அப்படிப் பிழை வரக்கூடிய மாறிகள் ஏழு. நான்குக்குப் பாதுகாப்பு போட்டிருந்தார்கள், மூன்றுக்குப் போடவில்லை. அந்த நிரல் முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்தது; அதில் அந்த மதிப்புகள் அவ்வளவு பெரிதாக வராது என்பது கணக்கு. ஆனால் அந்தக் காரணம் நிரலுக்குள் எங்கும் எழுதப்படவில்லை. எனக்கு நெஞ்சில் தைத்தது பிட் கணக்கல்ல, அந்த எழுதப்படாத காரணம்.

இப்போது என் பக்கம். இன்று நிரலில் பாதியைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே எழுதித் தருகிறது. குறை சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் நாள் முழுக்கத் தட்டிய சலிப்பான வேலை நிமிடங்களில் முடிகிறது, அதில் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி. ஆனால் சில வாரங்களுக்கு முன் ஓர் இளம் தோழி அனுப்பிய நானூறு வரிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். தொடர்பு அறுந்தால் மூன்று முறை முயலும்படி இருந்தது. ஏன் மூன்று என்று கேட்டேன். "அதுவே போட்டது" என்றார். சரி, அதையே கேட்போம் என்று கேட்டோம். ஒரு காரணம் சொன்னது. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று தட்டியதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறொரு காரணம் சொன்னது. அந்த மூன்றுக்குப் பின்னால் ஒரு நாள் பதிவை இழந்தவர் யாரும் இல்லை.

கமென்ட்டுகள் இல்லாமல் இல்லை, உங்கள் காலத்தைவிட அதிகம். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அழகாகச் சொல்கின்றன. ஏன் என்று மட்டும் கேட்டுவிட முடியாது. நாங்கள் இருவரும் அன்று மாலை வரை உட்கார்ந்து எதிர்முனை மீண்டு வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தோம். மூன்றை ஐந்தாக்கி, இடைவெளியையும் கூட்டி, அளந்த கணக்கை மேலே எழுதி, கீழே தோழி தன் பெயரையும் போட்டார்.

போன மாதம் உங்கள் ஃபங்ஷனை வேறு மொழிக்கு மாற்றினேன். ஆறு வரிகள் இப்போது வேறு வடிவில் இருக்கின்றன. கோப்பை மூடும்போது வரும் விடையையும் சோதிக்கிறேன். கமென்ட்டை மட்டும் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. பெயர் தெரியாததால் அடியில் "1994-இல் எழுதியவர்" என்று போட்டிருக்கிறேன். இதைப் படித்தால் பெயரைச் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.