ரமேஷ் கிருஷ்ணனின் மெதுவான சர்வ்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் பாட்டியும் நானும் நலம். துனிசியாவின் மொனாஸ்டிரில் இந்த வாரமும் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டதாக நீ எழுதியிருந்தாய். அதைவிட, ஆட்டத்தைத் தொடங்கும் அடியான உன் சர்வில் வேகம் இல்லாததால் இந்தக் காலத்து டென்னிஸில் உனக்கு இடமில்லை என்று உன் பயிற்சியாளர் சொன்னதை, மறுபேச்சில்லாமல் நீ ஏற்றுக்கொண்டதுதான் என் மனதை உறுத்துகிறது. தொடர்ந்து ஆடுவதா, திரும்பி வந்து மேற்படிப்பில் சேர்வதா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அதில் நான் குறுக்கிட மாட்டேன். ஆனால் முடிவெடுக்கும் முன், உன்னுடையதைவிட அதிகமாகக் குறை சொல்லப்பட்ட ஒரு சர்வை வைத்துக்கொண்டு, பவர் டென்னிஸ் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே உலகின் பெரிய அரங்குகளில் ஆடிய நம் ஊர்க்காரர் ரமேஷ் கிருஷ்ணனின் கதையை நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அவர் 1961 ஜூன் 5 அன்று சென்னையில் பிறந்தார். அவருடைய அப்பா ராமநாதன் கிருஷ்ணன், 1954 இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றவர். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். 1961 காலிறுதியில் ஆஸ்திரேலியாவின் முன்னணி வீரர் ராய் எமர்சனையே நேர் செட்களில் வீழ்த்தியவர். 1966 இல் கொல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச்சுக்கு எதிராக நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு வென்று, இந்தியாவை முதன்முறையாக, நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குக் கொண்டு சென்றதும் அவர்தான். விம்பிள்டனில் டென்னிஸைத் தொழிலாகக் கொள்ளாத அமெச்சூர்கள் மட்டுமே ஆட முடிந்த அந்தக் காலத்தில், ஜாக் கிரேமர் தம்முடைய தொழில்முறைக் குழுவில் சேர அழைத்தபோது அவர் போகவில்லை. டென்னிஸால் பிழைக்க வேண்டிய அவசியமும் வாய்ப்பும் மகனுடைய தலைமுறைக்குத்தான் வந்தது. இப்படிப்பட்ட ஒருவருடைய மகனாகக் களத்தில் இறங்குவது எவ்வளவு பெரிய சுமை என்று நினைத்துப் பார். 1979 இல் ரமேஷ் அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை, அப்பா வென்று சரியாக 25 ஆண்டுகள் கழித்து வென்றார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓபன் ஜூனியர் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. ஒப்பிட்டுப் பேசுகிறவர்களின் வாய் அதற்குப் பிறகும் அடங்கியிருக்காது.

நான் உன்னிடம் பேச விரும்புவது அவருடைய ஆட்டத்தைப் பற்றி. மரத்தாலான ராக்கெட் போய் கிராஃபைட் ராக்கெட் வந்ததும் ஆட்டத்தின் வேகமே மாறிப்போனது. 1985 இல் 17 வயது போரிஸ் பெக்கர் சர்வின் பலத்தால் விம்பிள்டனை வென்றபோது, இனி இப்படித்தான் ஆட வேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ரமேஷின் சர்வோ, குறிப்பாக முதல் முயற்சி தவறினால் போடும் இரண்டாவது சர்வ், ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஒரு பந்து என்ற அளவில்தான் இருந்தது. அவருடைய பிழைப்பு முழுவதும் அதற்கு அடுத்த பந்தில்தான். களத்தின் பின்கோடான பேஸ்லைனை விட்டுப் பின்னால் போகாமல், பந்து தரையில் பட்டு எழும்பும்போதே எடுத்து, ராக்கெட்டை அதிகம் பின்னால் இழுக்காமல், எதிராளி அனுப்பிய வேகத்தையே அவருக்கு எதிராகத் திருப்பிவிடுவார். காற்றின் பலத்தைக் கொண்டே நெல்லைத் தூற்றுகிறவரைப் போல. எதிராளி எவ்வளவு ஓங்கி அடிக்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் பந்து அவரிடமே திரும்பி வரும், அதுவும் அவர் இல்லாத மூலைக்கு. பழைய ஒளிப்பதிவுகளில் அவருடைய கால்களை மட்டும் ஒரு செட் முழுவதும் கவனித்துப் பார். பாய்ந்து ஓடுவதை அதிகம் பார்க்க மாட்டாய். பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே நின்றுகொண்டிருப்பார்.

அந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு அவர் எங்கெல்லாம் போனார் என்று கேள். 1981 அமெரிக்க ஓபன் காலிறுதியில், இருபதே வயதில், ஜான் மெக்கன்ரோவிடமிருந்து முதல் செட்டைப் பறித்தார். 1986 இல் விம்பிள்டன் காலிறுதி, 1987 இல் மறுபடியும் அமெரிக்க ஓபன் காலிறுதி. 1989 ஜனவரியில் மெல்போர்னில், ஆஸ்திரேலிய ஓபனில், அவருக்கு எதிரே நின்றவர் மேட்ஸ் விலாண்டர்: முந்தைய ஆண்டு, கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் மூன்றை வென்றவர், அன்றைய உலகின் முதல்நிலை வீரர், அந்தப் போட்டியின் நடப்புச் சாம்பியன். அவரை ரமேஷ் 6-3, 6-2, 7-6 என்று நேர் செட்களில் வென்றார். ஒரு ஆட்டக்காரர் தன் ஆட்டத்தை வேறொருவருடையதாக மாற்றிக்கொள்ளாமலேயே உலகின் முதல்வரை வெல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1987 அக்டோபர். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சிட்னியில், ஆஸ்திரேலியர்களின் சொந்தப் புல்தரையில், டேவிஸ் கோப்பை அரையிறுதி. முதல் நாளே ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை வென்றிருந்த ரமேஷ், இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையில் இருந்த கடைசி நாளில், வாலி மசூருக்கு எதிராக ஐந்தாவது ஆட்டத்துக்கு இறங்கினார். நாட்டின் வெற்றி தோல்வி முழுவதும் ஒரே ஆளின் தலையில். அவர் வென்றார், அப்பா கொண்டு சென்ற அதே இறுதிச் சுற்றுக்கு 21 ஆண்டுகள் கழித்து மகனும் அணியைக் கொண்டு சென்றார். கோத்தன்பர்க்கில், உள்ளரங்கக் களிமண் தரையில், ஸ்வீடனிடம் இந்தியா 0-5 என்று தோற்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரமேஷ் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் எதையும் வெல்லவில்லை. அவர் எட்டிய மிக உயர்ந்த தரவரிசை, 1985 ஜனவரியில், 23. எட்டு ஒற்றையர் பட்டங்கள். சர்வில் இன்னும் கொஞ்சம் பலம் இருந்திருந்தால் இன்னும் மேலே போயிருப்பார் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்; அதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உலகில் 23 என்பது என்ன என்று, தரவரிசைப் பட்டியலில் ஒரு புள்ளிக்காக ஊர் ஊராக அலைகிற உனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வென்ற புள்ளிகள் 52 வாரங்களில் கழிந்துவிடும். மறுபடியும் வென்றால்தான் இருந்த இடத்திலாவது இருக்கலாம். நீ ஆடுகிற 15,000 டாலர் போட்டிகளில் விமானக் கட்டணமும் தங்கும் செலவும் போக, ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றக்கூடப் பரிசுப் பணம் மிஞ்சுவதில்லை. அப்படிப்பட்ட உலகத்தில் ஆண்டுக்கணக்கில் மேலே நின்றவரை, வெல்லாத பட்டங்களை வைத்து அளப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில், ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில், 19 வயது லியாண்டர் பயஸுடன் சேர்ந்து இரட்டையர் காலிறுதி வரை அவர் ஆடினார். நான்கு ஆண்டுகள் கழித்து அட்லாண்டாவில் ஒற்றையர் வெண்கலம் வென்றவர் அந்தப் பையன்தான்.

இப்போது உன் ஆட்டத்துக்கு வருகிறேன். சர்வைச் சரிசெய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பந்தை மேலே தூக்கிப் போடும்போது உன் இடது கை சீக்கிரம் இறங்கிவிடுகிறது என்பது என் கண்ணுக்கே தெரிகிறது. அதற்கு உழைக்கத்தான் வேண்டும். ஆனால் நீ எந்தப் பந்தால் ஜெயிக்கிறாய் என்பதை அந்தப் பயிற்சியாளர் ஒரு தடவையாவது உன்னிடம் கேட்டாரா? எதிராளியின் இரண்டாவது சர்வை முன்னால் வந்து எடுத்து பேக்ஹேண்டில் கோட்டையொட்டி நீ அனுப்புகிற பந்தை உன் வயதுப் பெண்கள் பலரால் அடிக்க முடியாது. இருப்பதைக் கூர்மையாக்க நேரமே ஒதுக்காமல், இல்லாததை மட்டும் நாள் முழுவதும் துரத்தச் சொல்கிற பயிற்சியை நான் நம்பவில்லை. நீ இந்த ஆட்டத்தை விட்டுவிடுவதாக இருந்தால், உனக்குப் போதும் என்று தோன்றி விட்டுவிடு. வேகத்தை அளக்கிற கருவி காட்டிய எண்ணுக்காக விடாதே.

மார்ச் வரைக்குமான செலவுக்குப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். விலாண்டருடனான அந்த ஆட்டத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, எதிராளியின் சர்வைத் திருப்பி அடிக்கும் ரிட்டர்னுக்கு ரமேஷ் எங்கே நிற்கிறார், நீ எங்கே நிற்கிறாய் என்று எனக்கு எழுது. அடுத்த வாரத்து டிரா வந்ததும் யாருடன் ஆட்டம் என்று அப்பாவுக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா